ஒரே கை பிசைந்த மண்

எங்கள் அண்ணி உப்பைக்கூடக் கண்ணளவில் போட மாட்டார். உள்ளங்கையில் வைத்து மெல்ல ஏற்றி இறக்கிப் பார்ப்பார். ஒரு சிட்டிகையைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு மீதியைத்தான் பாத்திரத்தில் போடுவார்.

"ஏன் அண்ணி, அந்த ஒரு சிட்டிகையில என்ன வந்துடப் போகுது?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நேத்து இருந்த ருசி இன்னிக்கும் இருக்கணுமில்ல? இல்லேன்னா உங்க அண்ணன் மூஞ்சியைச் சுளிப்பாரு. சுளிக்காமலே அது அப்படித்தான் இருக்கு. அதை நாம வேற எதுக்குக் கெடுக்கணும்?"

பக்கத்து அறையிலிருந்து அண்ணன், "எனக்குக் காது கேக்குது" என்று குரல் கொடுத்தார்.

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்."

இரண்டு பேரும் இப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒருவருக்கொருவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனால் ஒருவர் வருவதற்குள் இன்னொருவர் சாப்பிட உட்கார்ந்தும் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் நானும் இருக்கிறேன். என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த கடவுளுக்குத் தினமும் நன்றி சொல்கிறேன்.

வேலையும் மூன்று பேருக்கும் ஒரே இடத்தில்தான். மண் பரிசோதனைக் கூடம் என்று சொல்வார்கள். கட்டடமோ சாலையோ ஏரிக்கரையோ, எது கட்டுவதாக இருந்தாலும் முதலில் அந்த இடத்து மண் மூட்டையில் எங்களிடம் வரும். அது எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு தள்ளினால் சறுக்கும் என்று பார்த்துச் சொல்வது கூடத்தின் வேலை. அண்ணன் வேன் ஓட்டுகிறார். மூட்டைகளைக் கொண்டு வந்து இறக்குவார். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து கதவைத் திறப்பதும் அவர்தான். ஒரு முறை டயர் மாற்றும்போது ஜாக்கியில் மாட்டி, வலது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. அதிலிருந்து கூடத்தில் அவருக்குப் பெயர் 'முக்கால் விரல்'. நான் தட்டு, டப்பா, அச்சு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்குகிறவள். மண் கலக்குவது அண்ணி. அவரை எல்லாரும் 'தராசக்கா' என்பார்கள்.

மண்ணைக் கலக்குவதில் என்ன இருக்கிறது என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தவள்தான். முதலில் மண்ணை உலர்த்தி, கட்டியை மரச்சுத்தியால் உடைத்து, சலிக்க வேண்டும். களிமண் இவ்வளவு, மணல் இவ்வளவு என்று மேடம் எழுதிக் கொடுத்தபடி நிறுக்க வேண்டும். மேடம் என்றால் எங்கள் இன்ஜினியர் அம்மா. இரண்டையும் உலர்ந்தபடியே கலந்து, எங்கே பார்த்தாலும் ஒரே நிறமாக வரும்வரை புரட்ட வேண்டும். பிறகு அளந்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைய வேண்டும். பிசைந்ததைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, டிரம்மில் வைத்து, மூடி போட்டு மறுநாள் வரை விட்டுவிட வேண்டும். தண்ணீர் மண்ணுக்குள் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர அந்த நேரம் வேண்டுமாம்.

மறுநாள் அந்த ஒரே கலவையை அண்ணி கையால் அச்சில் அழுத்தி மூன்று வில்லை எடுப்பார். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரிந்த ஒரு பெட்டிக்குள் அழுத்தி வைத்து, மேலே பாரம் ஏற்றி, பாதிப் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளுவார்கள். ஒன்றுக்குக் குறைந்த பாரம், அடுத்ததற்கு அதிகம், மூன்றாவதற்கு இன்னும் அதிகம். மண் எந்த இடத்தில் கைவிட்டுச் சறுக்குகிறது என்று மெஷின் சொல்லும். மூன்றையும் தாளில் புள்ளி வைத்தால் ஒரு நேர்கோட்டில் வர வேண்டும். வில்லைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் போனால் புள்ளிகள் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். அந்தக் கணக்கை வைத்து ஒன்றும் கட்ட முடியாது.

அண்ணி கலந்த மண்ணில் புள்ளி எப்போதும் நேராகத்தான் நிற்கும். மெஷின் ஓட்டுகிறவர் கிண்டல்காரர். "தராசக்கா மண்ணுன்னா எனக்குத் தூக்கம் வந்துடும். முதல் வில்லையைப் பாத்தாலே மூணாவது என்ன சொல்லும்னு தெரிஞ்சுடுது" என்பார்.

ஏரிக்கரை வேலை வந்த சமயத்தில் அண்ணி வீட்டில் மாடிப்படி கழுவும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. வெளியே சொல்லவில்லை. எங்களையும் சொல்லவிடவில்லை.

"மேடத்துக்குத் தெரிஞ்சா என்னை ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்சுடுவாங்க. சாக்கு மூட்டையை எண்ணிக்கிட்டு என்னால உக்கார முடியாது. எண்ணி முடிச்சுட்டா அப்புறம் என்ன பண்றது, திருப்பி எண்றதா?"

துணியை இறுகச் சுற்றிக்கொண்டு, மேலே ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தார். களிமண் கையில் ஒட்டாமல் இருக்கத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிசையும்போது அவர் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரியும். தட்டைத் துடைத்துக்கொண்டே மனதுக்குள் வேண்டிக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் டிரம்மைத் திறந்து மண்ணை எடுத்தவர் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு வெளிச்சம். "இங்க வந்து பாரேன். நேத்து கல்லு மாதிரி இருந்தது, இன்னிக்கு எப்படி மெத்துனு இருக்குது! என் கை வலி கடவுளுக்குத் தெரிஞ்சிருக்கு."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் மண் மெத்தென்றுதான் இருந்தது. தினமும் இரண்டு பேரும் நன்றி சொன்னோம்.

ஆனால் புள்ளிகள் நேராக நிற்கவில்லை.

முதல் தடவை மெஷினைப் பழுது பார்த்தார்கள். அடுத்த தடவை மேடம் தராசை மாற்றினார். மறுபடியும் ஒரு வில்லை விறைப்பு, ஒரு வில்லை தளர்ச்சி. சோதித்த வில்லையிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு, அடுப்பில் காயவைத்து, தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று பார்ப்பார்கள். அதிலும் தண்ணீர் கூடுதலாகவே இருந்தது. மெஷின்காரருக்கும் கிண்டல் வரவில்லை.

மேடம் அண்ணியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கோபமில்லாமல்தான் பேசினார். "அக்கா, கரைக்குக் கீழே அத்தனை வீடு இருக்கு. சரியில்லாத கணக்கை நான் கொடுக்க முடியாது. நாளைக்கு மதியம் நானே பக்கத்துல நின்னு பார்க்கறேன், நீங்க கலக்குங்க. அதுவும் சரியா வரலேன்னா இந்த மண்ணை வேற கூடத்துக்கு அனுப்பிடுவேன். உங்களுக்கும் கொஞ்சம் லேசான வேலையா, ஸ்டோர்ல பார்த்துக்கலாம்."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்குச் சமையலில் உப்பைக் கையில் தூக்கிப் பார்க்காமல் அப்படியே போட்டார். அண்ணன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். கரித்தது.

மறுநாள் மேடம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டின் கட்டு தெரிந்துவிடுமே என்று அண்ணி துணியையும் கழற்றி, கையுறையையும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் பிசைந்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது. "வெயில் ஜாஸ்தி" என்று சிரித்தார். எடை எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அதிகமில்லை. மேடம் தன் கையாலேயே டிரம்மை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அண்ணன் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "தள்ளிப் போங்க, உங்க கை சொரசொரன்னு இருக்கும்" என்று அண்ணி தட்டிவிட்டார். அண்ணன் தைலத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல அண்ணன் முதலில் போய்விட்டார். நானும் அண்ணியும் போனபோது அவர் வெளியே மெஷின்காரரோடு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணி கலவை அறைக்குள் போய், கட்டும் கையுறையும் போடாமலே டிரம்மைத் திறந்தார். மேடம் வரும்போது கட்டோடு நிற்கக் கூடாது என்ற பயம்தான். தாளை விலக்கி மண்மேல் வெறுங்கையை வைத்தவர் சட்டென்று கையை எடுத்தார்.

"இது என் மண்ணு இல்லியே."

கிட்டப் போய்ப் பார்த்தேன். மேல்மண் பளபளவென்று ஈரமாக இருந்தது. அண்ணி விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். "மேல ஈரம். அடியில நேத்து நான் வெச்சபடியே இருக்கு."

மண்ணின் ஓரத்தில் ஒரு கை நன்றாக அழுந்தியிருந்தது. அகலமான கை. கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் எல்லாம் முழுதாக இருந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் முக்கால் வழியில் நின்றுபோயிருந்தது.

அண்ணி கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு பார்த்தால் கண்ணில் தண்ணீர். "கடவுள் கருணைன்னு இத்தனை நாளா யாருக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தோம், பாத்தியா?"

நான் போய் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே வந்து டிரம்மைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"தினமுமா?" என்றார் அண்ணி.

"நீ பிசையும்போது பல்லைக் கடிக்கிறதை ஜன்னல் வழியா பாத்தேன். காலையில வந்ததும் நான் கொஞ்சம் பிசைஞ்சு விட்டா, அச்சுல அழுத்துறப்போ உனக்கு லேசா இருக்கும்னு..."

"தண்ணி?"

"களிமண்ணு கையில ஒட்டுது. தொட்டுத் தொட்டுப் பிசைஞ்சேன். மாவு பிசையறப்போ நீ பண்றதில்லையா?"

"இது என்ன மாவா? மேல இருக்குற மண்ணு குடிச்சுது, கீழ இருக்குற மண்ணு பட்டினி கிடந்துது. மூணு வில்லையும் மூணு விதமா வராம என்ன பண்ணும்? கை வலிக்குதுன்னா என் கையைத் தேய்ங்க, மண்ணை ஏன் தேய்ச்சீங்க?"

"கையைத் தேய்க்க வந்தா தட்டி விடுறியே!"

அண்ணியின் கண் கதவுப் பக்கம் போனது. அறைக் கதவில் ஒட்டியிருந்த தாளைத்தான் மூன்று பேரும் பார்த்தோம். மூடி வைத்த மண்ணை வேறு யாராவது தொட்டால் அவருக்கு இங்கே வேலை கிடையாது என்று அதில் பெரிய எழுத்தில் இருக்கும். அண்ணன் பெயரைச் சொன்னால் அண்ணன் வேலை போகும். சொல்லாவிட்டால் இதுவும் அண்ணியின் கைத்தவறு என்று ஆகிவிடும்.

"என் பேரைச் சொல்லிடு. வேனை நான் எங்க வேணும்னாலும் போய் ஓட்டிக்குவேன். உனக்கு வேற எங்க இந்த வேலை கிடைக்கும்?" என்றார் அண்ணன்.

"சும்மா இருங்க. என்னைக் கேக்காம பண்ணினது போதும்."

நான் கையிலிருந்த டப்பாவைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ காய்ந்துவிட்டது. கடவுளே, இவர்கள் இரண்டு பேரையும் பிரித்து நிறுத்தாதே என்று மட்டும் கேட்டேன்.

மேடம் உள்ளே வந்தார். பின்னால் மெஷின்காரர். அண்ணி எழுந்து நின்றார்.

"மேடம், இந்த மண்ணை எடுக்காதீங்க. நேத்து நீங்க மூடின மண்ணு இல்ல இது. யாரோ தொட்டிருக்காங்க. ஆனா முதல்ல நான் பண்ணின தப்பைச் சொல்லிடறேன்." வீங்கிய மணிக்கட்டை நீட்டினார். "விழுந்து இத்தனை நாளாச்சு. உங்ககிட்ட மறைச்சுட்டேன். கையுறை போட்டுக்கிட்டதால மண்ணுல ஈரம் கூடினது எனக்கே தெரியாம போச்சு."

"யார் தொட்டது?" என்றார் மேடம்.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் போனார். தன் வலது கையைக் கொண்டுபோய் அந்தப் பதிவின்மேல் வைத்தார். பெட்டிக்கு மூடி போட்டதுபோலப் பொருந்தியது.

மெஷின்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கைரேகையைக் கொண்டு வந்து தானே ஒட்டிக் காட்டுற திருடனை இப்பதான் பாக்கறேன்."

மேடம் சிரிக்கவில்லை. டிரம்முக்குள் வெகுநேரம் பார்த்தார். "நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். கை தடுமாறினா தண்ணி ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இது எப்பவும் கூடுதலாவே இருந்துது. யாரோ ஊத்துறாங்கன்னு எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க பிசைஞ்ச மண்ணை நம்பி நான் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தா? மழைக்காலத்துல கரை சறுக்கினா கீழே இருக்குறவங்க என்ன ஆவாங்க?"

அண்ணன் அதை அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. அவர் முகம் கறுத்துப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன். "என் வீட்டுக்காரி கையைத்தான் நினைச்சேன் மேடம். கரையை நினைக்கல" என்றார்.

மேடம் முடிவைச் சொன்னார். கதவுச் சாவி இனிமேல் அண்ணனிடம் இருக்காது, தட்டு கழுவும் என்னிடம் இருக்கும். கலவை அறை வாசற்படியை அவர் தாண்டக் கூடாது. இன்னொரு தடவை தாண்டினால் வேனும் கிடையாது. தாமாக வந்து ஒத்துக்கொண்டதால்தான் இவ்வளவோடு விட்டார். அண்ணி உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

"நீங்க எப்படி அக்கா இனிமே பிசைவீங்க? வேற யாரையாவது போடட்டுமா?"

"இடது கை நல்லாத்தானே இருக்கு மேடம். நேரம் ஆகும். ஆனா முதல்லருந்து கடைசிவரைக்கும் ஒரே கையா இருக்கும். ஒரு தடவை விட்டுப் பாருங்க. புள்ளி தப்பினா நானே போய் ஸ்டோர்ல உக்காந்துக்கறேன்."

மேடம் யோசித்தார். "மெதுவா பிசைஞ்சா அதுக்குள்ள மண்ணு காஞ்சுடும். ஃபேனை நிறுத்திடலாம். பிசையாத பக்கத்தை ஈரத்துணியால மூடிக்கலாம், துணி மண்ணுல படாம. சரி, ஆரம்பிங்க."

டாக்டர் வலது கைக்குப் பட்டை போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பினார். அந்தக் கோலத்தோடு அண்ணி புதிதாகக் கலக்க ஆரம்பித்தார். வெளி முற்றத்தில் உலர்ந்த கட்டியை உடைக்கும் வேலை அண்ணனுக்கு. அதற்கு மட்டும் மேடம் ஒத்துக்கொண்டார். மரச்சுத்தி விழும் சத்தம் நின்றால், அவர் ஜன்னலை எட்டிப் பார்க்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

"ஜன்னலைப் பாத்தது போதும், கட்டியை உடைங்க!" என்று அண்ணி உள்ளிருந்து கத்துவார். சத்தம் மறுபடி தொடங்கும்.

இடது கையால் ஒரு மூலையிலிருந்து மடித்து, அழுத்தி, திருப்பி, அடுத்த மூலை. எங்கே அதிகம் அழுத்தினாரோ அங்கே மறுபடி போகமாட்டார். அண்ணியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கேட்டால், "வேண்டிக்கிறேன். இந்தத் தடவையாவது கடவுள் கருணை நேரா எனக்கே கிடைக்கட்டும், வழியில யாரும் வாங்கிக்காம" என்றார். டிரம்மை மூடும்போது மதிய வெயில் சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலை கதவைத் திறந்தது நான். அண்ணன் வேனை வாசலில் நிறுத்தி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு கையும் இங்கதான் இருக்கு. எல்லாரும் பாத்துக்குங்க" என்றார்.

மூன்று வில்லைகளையும் அண்ணியே அச்சில் அடுக்கினார். ஒரு அடுக்கு அழுத்தியதும் மேலே லேசாகக் கீறிவிட்டுத்தான் அடுத்த அடுக்கு. கீறாவிட்டால் இரண்டும் ஒட்டாமல் இடையிலேயே நழுவிவிடும். முதல் வில்லை மெஷினில் ஓடியது. இரண்டாவது ஓடியது. மூன்றாவது ஓடும்போது அண்ணி அங்கே நிற்கவில்லை. கழுவும் இடத்துக்கு வந்து, ஏற்கனவே கழுவிய தட்டை ஒரே கையால் கழுவிக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை.

மெஷின்காரர் வாசலில் வந்து நின்று பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

"என்ன?" என்றார் அண்ணி.

"தூக்கம் வருது தராசக்கா. மூணாவது என்ன சொல்லும்னு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தோம். மேடம் தாளின்மேல் ஸ்கேலை வைத்திருந்தார். மூன்று புள்ளியும் அதன் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. "ஏரிக்கரை மண்ணு எங்கயும் போகாது அக்கா. நீங்களும்தான்" என்றார். அண்ணி நிமிர்ந்து பார்க்காமல், "மீதி மண்ணை என்ன பண்ணட்டும் மேடம்?" என்றார். சோதனை முடிந்த மீதியைக் கொட்டிவிடுவது வழக்கம்.

"உங்க இஷ்டம்."

அண்ணி அதை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டுபோய் வேனுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணன் முன்னால் வைத்தார். "இந்தாங்க. இனிமே இதை யாரும் தள்ளிப் பாக்கப் போறதில்ல. ஆசை தீர பிசைங்க. எவ்வளவு தண்ணி வேணும்னாலும் தொட்டுக்குங்க."

அண்ணன் அதை வீட்டுக்கு எடுத்து வந்து, நன்றாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பின்சுவர் அடியிலிருந்த எலிப்பொந்தை அடைத்தார். அது காய்ந்து விரிசல் விட்டு, இரண்டு தடவை விழுந்துவிட்டது. அண்ணி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் சொல்லாமல் இருந்தார்.

அந்தக் காலைகளில் நாங்கள் நன்றி சொன்னது தப்பா என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது. அனுப்பியவர் சரியாகத்தான் அனுப்பினார். கொண்டு வந்தவர் கைக்குக் கொடுக்காமல் டிரம்முக்குள் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

புள்ளி நேராக நின்ற அன்று சாயங்காலம் அண்ணி வீட்டு முன்னறையில் பட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அண்ணன் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்காராமல் தயங்கி நின்றார். அண்ணி கையை நீட்டினார்.

அண்ணன் தேய்க்க ஆரம்பித்தார்.

"அந்தப் பக்கம் ஜாஸ்தி, இந்தப் பக்கம் கம்மி. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி போங்க" என்றார் அண்ணி.

"இப்பவும் புள்ளி வெச்சுப் பாப்பியா?"

"பாப்பேன். பேசாம தேய்ங்க."